டிசம்பர் ஏழு, எங்கள் அரங்கில்

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, ஒரு கையில் முட்டை சாண்ட்விச்சும் மறு கையில் ஃபோனுமாக, பெற்ற மகளின் வேலைக்கு நான் உலை வைத்தேன். வெல்டா கூபியாக்தான் தூண்டிவிட்டார் என்று பழியை அவர்மேல் போடலாம். ஆனால் திரையில் தட்டிய கட்டைவிரல் என்னுடையது. அதில் மயோனைஸ் வேறு ஒட்டியிருந்தது.

என் பெயர் மெர்ல் ஹாஸ்டெட்லர். இண்டியானாவில், மேரிடன் ஊரின் நீதிமன்றத்துக்கு எதிரே கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிறேன். முப்பத்தைந்து வருடமாக "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு டாக்டர்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு பிழைக்கிறவன். அது போதாதென்று ஒரு ரசிகர் தளத்தையும் நடத்துகிறேன். மேரிடன் ஸ்டேட் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மீன்கொத்திகள் என்று பெயர். அதனால் எங்கள் தளத்தின் பெயர் 'கிளை'. முந்நூற்றுப் பதினோரு உறுப்பினர்கள். அதில் பாதிப்பேர் மற்ற பாதிப்பேரோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் வந்தால் எங்களுக்கு நிலைகொள்ளாது. நவம்பரில் தொடங்கும் சீசனில் யாரோடு, எங்கே ஆடப்போகிறோம் என்ற பட்டியல் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கும். இன்னும் வராத பட்டியலை வைத்துச் சண்டை போடுவதுதான் எங்களுடைய கோடை விடுமுறை.

எங்கள் கல்லூரி பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. சின்னக் கல்லூரிகள் அடிவாங்க எங்கள் ஊருக்கு வரும். நாங்கள் அடிவாங்கப் பெரிய கல்லூரிகளின் ஊருக்குப் போவோம். பெரிய கல்லூரி எங்கள் ஊருக்கு வராது. வந்து ஜெயித்தால் அவர்களுக்குப் பெருமை இல்லை. தோற்றால் வருடம் முழுவதும் தலை காட்ட முடியாது. ஆனால் மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு அணிகளை அழைக்கிற குழு இருக்கிறதே, அது எத்தனை பேரை ஜெயித்தாய் என்று கேட்பதோடு விடாது, யாரை ஜெயித்தாய் என்றும் கேட்கும்.

அன்றைக்கு வெல்டா கிளையில் எழுதியது இதைத்தான். வெல்டா நாற்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில், யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டு ஓய்வுபெற்றவர். எழுபத்தொரு வயது. எங்கள் அணியையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

"போன வருஷம் இருபத்தோரு ஆட்டம் ஜெயிச்சோம். தேசியப் போட்டிக்குக் கூப்பிட்டாங்களா? இல்ல. ஏன்னா யாரை ஜெயிச்சீங்கன்னு கேட்டா சொல்லிக்க ஒரு பேர் கிடையாது. இந்த வருஷமும் அதே கதைதான். பைபிள் கல்லூரிப் பொண்ணுங்களை நாப்பது பாயிண்ட்ல அடிச்சிட்டு நம்ம முதுகை நாமே தட்டிக்கப் போறோம். ஒரு நல்ல டீம் நம்ம ஊர் மண்ணை மிதிக்காது. எழுதி வெச்சுக்கோங்க."

"கொஞ்சம் பொறுங்க வெல்டா" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எதுக்கு? போன ஆகஸ்ட்லயும் பொறுங்கன்னுதான் சொன்னே மெர்ல். பொறுத்தோம். ஒரு பஸ் நிறைய பாதிரிமார் வீட்டுப் பிள்ளைங்க வந்து இறங்கினாங்க."

அதற்குக் கீழே பதினேழு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். பதினேழு பேர். என் தளத்தில்.

நான் தட்டினேன்: "டிசம்பர் ஏழு. லாக்ரிட்ஜ். நம்ம அரங்குல. இப்ப என்ன சொல்றீங்க?"

பரிசோதனை நாற்காலியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்த மிஸஸ் ஆர்பக், "மெர்ல், எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். "எனக்கும்தான்" என்றேன். அந்த நிமிடத்தில்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பதினோராவது நிமிடத்தில் பதிவை அழித்தேன். அதற்குள் லாக்ரிட்ஜ் ரசிகர் ஒருவர் அதைப் படம் பிடித்துத் தங்கள் தளத்தில் போட்டுவிட்டார். தலைப்பு: 'நம்ம கோச் இந்த மாட்டுக்கொட்டகைக்கா போகப் போறாங்க?'

ஏன் அழித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தத் தேதி எனக்குத் தெரிந்த விதம் அப்படி.

என் மகள் கொரின் அந்த அணியில் நான்கு வருடம் ஆடியவள். ஆடியவள் என்றால், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டைச் சுழற்றியவள். இப்போது முப்பத்தொரு வயது. அணியின் நிர்வாக வேலைகளைப் பார்க்கிறாள்: பஸ், ஹோட்டல், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டப் பட்டியல். வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. இந்த மார்ச்சில் விளையாட்டுத் துறை இயக்குநர் டென்ச் அவளிடம் சொல்லியிருந்தார், பெரிய அணி ஒன்றை எங்கள் அரங்குக்கு நியாயமான பேரத்தில் கொண்டுவந்துவிட்டால் வேலையை நிரந்தரமாக்கிவிடுகிறேன் என்று.

அவள் பிடித்தது லாக்ரிட்ஜை. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் அவர்கள் ஊருக்குப் போய் நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றோம். பதிலுக்கு அவர்கள் ஒருமுறை இங்கே வரவேண்டும் என்பது ஒப்பந்தம். நாற்பதில் தோற்றிருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பார்கள். நாலில் தோற்றதுதான் நாங்கள் செய்த தப்பு. போன வருடம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். கொரின் விடவில்லை, வாரம் ஒரு ஃபோன், மாதம் ஒரு கடிதம். கடைசியில் தேதி கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு: இரண்டு கல்லூரிகளும் ஒரே நாளில் சேர்ந்து அறிவிக்கும்வரை செய்தி வெளியே போகக் கூடாது. ஒரு கல்லூரி வெளியே விட்டால், ஆட்டத்தையே கைவிட மற்றக் கல்லூரிக்கு உரிமை உண்டு. இப்படியான நிபந்தனைகள் எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். அது நல்ல ஏற்பாடுதான் என்று நானே ஒருமுறை கிளையில் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

தேதி தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நான்கு பேர்: தலைமைப் பயிற்சியாளர், டென்ச், அரங்க மேலாளர், கொரின். ஐந்தாவது ஆள், முந்தின வெள்ளிக்கிழமை கொரின் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினின் குழாயை மாட்டிவிட்டு, சமையலறைத் தரையிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன். எழுந்தபோது மூக்குக்கு நேரே ஃப்ரிட்ஜ் கதவு. கதவில் ஒரு காந்தம். காந்தத்தின் கீழே அவள் கையெழுத்தில் பட்டியல். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் படித்ததை அவள் பார்க்கவில்லை. கண் மருத்துவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

நாலு நாள் வாய்க்குள் வைத்திருந்தேன். என் வாழ்நாள் சாதனை அது. என் மனைவி பானி ஊரில் இருந்திருந்தால் ஃபோனையே பிடுங்கி வைத்திருப்பாள். அவள் மிச்சிகனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

புதன்கிழமை காலை லாக்ரிட்ஜிலிருந்து டென்ச்சுக்குக் கடிதம் வந்தது. நிபந்தனை மீறப்பட்டதாகத் தெரிகிறது, ஆட்டத்தை மறுபரிசீலனை செய்கிறோம், வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்கிறோம். பத்து மணிக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ரகசியம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு நானே சாட்சி.

கொரினை அழைத்தேன்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன்."

"ஒரே ஒரு கேள்வி. என்னாலதானா?"

"சாப்பிட்டியா?"

"கொரின்."

"அப்புறம் பேசலாம்ப்பா."

வைத்துவிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை, பான்கேக் கடையில் அவசரக் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர்: நான், வெல்டா, டென்னி வாஸ். டென்னிக்கு டயர் கடை. என்னோடு பள்ளியில் படித்தவன். முப்பது வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் இருபத்தாறு ஆட்டம் ஜெயிப்போம் என்று சொல்லிவருகிறான். ஒரு வருடமும் நடந்ததில்லை. எண்ணையும் மாற்றியதில்லை.

"இருபத்தாறு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான்.

"பதினேழு" என்றார் வெல்டா, தலை நிமிராமல். "லாக்ரிட்ஜ் வரலைன்னா பதினேழு. வந்தாலும் பதினேழுதான். ஆனா அந்தப் பதினேழுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

"என்னம்மா நீங்க, காலங்காத்தால துக்கம் விசாரிக்க வந்த மாதிரி. நம்ம டீகன் பொண்ணோட முழங்கால் சரியாயிடுச்சு. அந்த லாட்வியாப் பொண்ணு வந்திருக்கா, ஆறடி நாலு அங்குலம். கதவுல குனிஞ்சு வர்றாளாம்."

"குனிஞ்சு வர்றவ பந்தைப் பிடிப்பாளா?"

"பிடிக்கக் கத்துக்குவா."

"எப்ப? பிப்ரவரிலயா? நவம்பர்ல நாலு ஆட்டம் வெளியூர்ல. நாலும் தோத்துட்டுத்தான் ஊருக்கு வருவோம். அப்புறம் சின்னப் பசங்களை வரிசையாக் கூட்டிட்டு வந்து அடிச்சு, தோத்ததை மறைச்சிக்குவோம். இதுக்குப் பேர் பட்டியலா? ஒப்பனை."

"சின்ன டீமை அடிச்சாத்தாம்மா பொண்ணுங்களுக்குத் தெம்பு வரும். எல்லா ஆட்டமும் பெரிய இடத்துல போய் உதை வாங்கினா எவ இங்க சேருவா? நீ சொல்லு மெர்ல்."

நான் பான்கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிடவில்லை, வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னாலதானா?" என்று கேட்டேன்.

டென்னி முட்கரண்டியைக் கீழே வைத்தான். "யோவ், நீ ஒரு ஆளா? லாக்ரிட்ஜ்ல பதினஞ்சாயிரம் பேர் உக்கார்ற அரங்கம் இருக்கு. மேரிடன்ல ஒருத்தன் சாண்ட்விச் தின்னுக்கிட்டு என்ன எழுதினான்னு பார்த்தா அவங்க முடிவெடுக்கிறாங்க? உன்னை நீயே பெரிய மனுஷனாக்கிக்காத."

அன்பாகத்தான் சொன்னான். அது பதில் இல்லை.

"வெல்டா?"

"அறுபதிலிருந்து எழுபது சதம்" என்றார்.

"ஆமாவா, இல்லையா?"

"நான் ஆமா இல்லைன்னு சொல்ற தொழில்ல இருந்ததில்ல."

பிறகு அவர் தன் பையிலிருந்து பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். காப்பித் தம்ளர்களை நகர்த்தி இடம் பண்ணிய விதத்தில் ஏதோ வில்லங்கம் தெரிந்தது.

எங்களைப் போன்றவர்கள் கோடையில் செய்கிற வேலை ஒன்று உண்டு. எங்கள் அரங்கம் நகரசபைக்குச் சொந்தம். அதன் முன்பதிவு நாட்காட்டியை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எந்தச் சனிக்கிழமை மல்யுத்தம், எந்தச் சனிக்கிழமை கைவினைச் சந்தை, எது பெயரில்லாமல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, மற்ற கல்லூரிகளின் பட்டியலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பொருத்தி, யார் வருகிறார்கள் என்று ஊகிப்போம். வேலையற்றவர்களின் துப்பறிதல். வெல்டாவை இதில் மிஞ்ச ஆள் கிடையாது.

நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ஜூலை பத்தொன்பது என்று மேலே தேதி. 'டிசம்பர் 7 நகர அரங்கம்: அடைப்பு, பெயர் இல்லை. லாக்ரிட்ஜ் பட்டியல்: 4 முதல் 10 வரை காலி. பரீட்சை வாரம் அல்ல. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.' கடைசியில் பென்சிலில்: 'லாக்ரிட்ஜ்?'

நான் அவரைப் பார்த்தேன். ஆகஸ்ட் முழுவதும் ஒரு நல்ல டீமும் நம் ஊர் மண்ணை மிதிக்காது என்று எழுதிக்கொண்டிருந்தவர்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது. ஊகம். உறுதியாத் தெரியாததை நான் எழுதறதில்ல. உனக்கு வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. கொஞ்சம் சீண்டினா வாயைத் திறப்பேன்னு நினைச்சேன். எனக்கு மட்டும் தனியா, ஒரு வரி. அப்படித்தான் நினைச்சேன். நீ முந்நூறு பேர் முன்னால கொட்டுவேன்னு நினைக்கல."

"என்னை முப்பது வருஷமாத் தெரியும் உங்களுக்கு."

"அதான் என் கணக்குல தப்பு" என்றார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "இதை எடுத்துக்கிட்டு டென்ச்கிட்ட போ. நான் கண்டுபிடிச்சேன், உங்கிட்ட சொன்னேன், நீ உளறிட்டேன்னு சொல்லு. தேதி என் கையெழுத்துல இருக்கு. ரெண்டும் யார் வேணும்னாலும் பார்க்கிற நாட்காட்டி. எங்கேயும் ஓட்டை உடைசல் இல்ல. கொரின் தப்பிச்சுடுவா."

டென்னி விசில் அடித்தான். "இது நல்லா இருக்கே."

எனக்கும் நன்றாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், ஒப்பந்தத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தவள் கொரின் என்றாகும். சொல்லாமல் இருந்தால், அப்பன் காதில் ஓதியவள் என்றாகும். இந்தப் பச்சை நோட்டில் மட்டும்தான் அவள் பெயர் இல்லை. ஒரு சின்னப் பொய். மீதி எல்லாம் நிஜம். அன்று என் கண்ணாடிக் கடையில் மூன்று பேருக்கு ஒரே எண் கண்ணாடியை எழுதிக்கொடுத்தேன். இருவர் திரும்பி வந்தார்கள்.

வெள்ளி காலை பதினொன்றுக்கு டென்ச்சின் அறையில் உட்கார்ந்திருந்தேன், கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டுடன். டென்ச் உயரமான, அமைதியான மனிதர். எந்தக் கேள்விக்கும் புருவத்தை மட்டும் அசைப்பார்.

நான் ஆரம்பித்தேன். நகர நாட்காட்டி, லாக்ரிட்ஜ் பட்டியலில் ஓட்டை, பரீட்சை வாரம், பஸ் தூரம், பென்சில் குறி. இருபது நிமிடம் பேசினேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்தது. வெல்டா அன்றைக்கு எப்படி என்னிடம் சொன்னார் என்று ஒரு காட்சியே அமைத்தேன். அதில் மழை பெய்தது.

டென்ச் நோட்டின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். "அருமையான வேலை" என்றார். "அப்ப அந்தப் பதிவை ஏன் அழிச்சீங்க?"

"அது... வெல்டாவோட உழைப்பை என் பேர்ல போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு."

"பெரிய மனசு."

"ஆட்டம் நடக்குமா மிஸ்டர் டென்ச்?"

"எல்லாக் கோணத்துலயும் பரிசீலிச்சிட்டு இருக்கோம்."

"என்னாலதான் இப்படி ஆச்சா?"

"உங்களை மாதிரி ரசிகர்களோட ஆர்வத்தை நாங்க எப்பவும் மதிக்கிறோம்."

"கொரின் வேலை?"

"பணியாளர்களைப் பத்தி வெளியாட்கள்கிட்ட பேசறதில்ல. நீங்க அப்பாவா இருந்தாலும்."

எழுந்து கை நீட்டினார். குலுக்கினேன். கதவுவரை கூடவே வந்தார். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, ஏதோ வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"எங்க வீட்லயும் முக்கியமான காகிதமெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவுலதான் மிஸ்டர் ஹாஸ்டெட்லர். காந்தம் போட்டு."

எனக்குக் காது சூடானது.

"காலையில எட்டு மணிக்கு உங்க மகள் அதே நாற்காலியில உக்காந்திருந்தாங்க. யாரும் கூப்பிடல. தானா வந்தாங்க."

இருபது நிமிடம். மழை வேறு பெய்ய வைத்தேன். அத்தனை நேரமும் அவர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றேன். "அவ அடுத்த ரூம்ல துணி மடிச்சிட்டு இருந்தா. நான்தான் பார்த்தேன். நான்தான் எழுதினேன்."

"அதையும் ஊகிச்சுச் சொன்னாங்க. நீங்க வந்தா, கடைசிவரைக்கும் பேச விடுங்கன்னும் சொன்னாங்க."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போடத் தோன்றவில்லை. ஃபோனில் கிளை கொந்தளித்துக்கொண்டிருந்தது. லாக்ரிட்ஜ் கோழைகள் என்று நாற்பது பேர், மெர்ல் ஒரு மடையன் என்று அறுபது பேர். நான் அறுபது பேர் பக்கம். டென்னி மட்டும் தனியாக ஒரு வரி எழுதியிருந்தான்: 'எது நடந்தாலும் இருபத்தாறு.' அதை இரண்டு தடவை படித்தேன்.

கடையை மூடிவிட்டு மாலை நாலரைக்கு அரங்கத்துக்குப் போனேன். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. நாலாயிரத்து இருநூறு இருக்கைகளும் காலி. கூரை விளக்குகளில் பாதிதான் எரிந்தன. கொரின் தரையில், எல்லைக்கோட்டின்மேல் கால் வைத்து நடந்தபடி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. திரும்பி மறுபடி. குழந்தையாக இருந்தபோது நடைபாதையில் கல்லின் விளிம்பை மிதிக்காமல் நடப்பாள், அதே நடை.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பார்த்தாள். கை அசைக்கவில்லை. போகவும் சொல்லவில்லை.

அவள் பேசுவது கேட்கவில்லை. தோள்களை மட்டும்தான் பார்க்க முடிந்தது. நாலு நாற்பத்தைந்துக்கு ஒருமுறை நின்றாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நாலு ஐம்பதுக்குத் தலைமைப் பயிற்சியாளர் டென்னா ராஸ்க் உள்ளே வந்தார். கொரின் ஃபோனை மார்போடு அழுத்திக்கொண்டு அவரிடம் ஏதோ கேட்டாள். ராஸ்க் தரையைப் பார்த்தார். பல் பிடுங்க ஒப்புக்கொள்கிறவரைப் போல ஒருமுறை தலையசைத்தார். எந்தப் பக்கமும் பார்க்காமல் போய்விட்டார். கொரின் மறுபடி நடந்தாள். கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

ஐந்து பத்துக்கு ஃபோனைப் பையில் போட்டாள். வரிசை வரிசையாக ஏறி வந்து, எனக்கு ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். வியர்த்திருந்தாள், ஆடி முடித்தவளைப் போல.

"டென்ச் சொன்னார்" என்றாள். "மழை பெஞ்சுதாமே."

"அவர் எப்படி முகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்னு தெரியல."

"அவர் முகமே அப்படித்தான்ப்பா." சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "வர்றாங்க. டிசம்பர் ஏழு. திங்கள்கிழமை அறிவிப்பு."

நான் மூச்சு விட்டேன். "அப்ப எல்லாம் சரியாயிடுச்சு."

கீழே துப்புரவுக்காரர் ஒருவர் அகலமான துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு தரையைக் கடந்தார். அவர் மறுகோடிவரை போனார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொரின், மூணு நாளா ஒரே கேள்வியக் கேட்டுட்டு இருக்கேன். டென்னி என்னை ஒரு ஆளாங்கறான். வெல்டா சதவீதம் சொல்றாங்க. டென்ச் என் ஆர்வத்தை மதிக்கிறாராம். நீ சாப்பிட்டியாங்கற. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. அதுதான் வலிக்குது. கெடுத்தது நானா, இல்லையா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். பானியின் கண்கள் அவளுக்கு. பரிசோதிக்கத் தேவையே இல்லாத கண்கள்.

"ஆமாப்பா. நீதான். செவ்வாய்க்கிழமை காலைல அது ஒண்ணுக்கு ஒண்ணு. நாம ஒரு தடவை போனோம், அவங்க ஒரு தடவை வர்றாங்க. இப்ப அவங்க வர்றதுக்கு நாம இன்னும் மூணு வருஷம் மூணு தடவை அங்க போகணும், அவங்க திரும்பி வரமாட்டாங்க. நழுவறதுக்கு ஒரு சாக்கு கிடைக்காதான்னு ரெண்டு வருஷமாத் தேடிட்டு இருந்தாங்க, நீ கொண்டுபோய்க் கையில குடுத்தே. இதை நியாயமான பேரம்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டென்ச். வேலை ஜூன்ல முடியுது. வேற ஊர்ல தேடிட்டு இருக்கேன், அயோவால ஒண்ணு இருக்கு. உம்மேல எனக்குக் கோபம்தான், அது தணியறதுக்கு நாளாகும். டிசம்பர் ஏழு நீ இங்க உக்காந்து கத்தணும். வராம இருந்து என்னைச் சமாதானப்படுத்திடலாம்னு நினைக்காத."